ஓநாய்க்காரியின் போத்தல்

"அரிசிப் பைக்குப் பின்னால இருந்த போத்திலை எங்கையப்பா வைச்சனீர்?"

"கேளுங்கோ, கேளுங்கோ. மூண்டு கிழமையா இந்தக் கேள்விக்குத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறன்…"

"எங்கை வைச்சனீர் எண்டு கேக்…"

"…நெஞ்சில ஸ்டென்ற் வைச்ச டொக்டர் என்ன சொன்னவர்? ஒரு துளியும் தொடக் கூடாதெண்டு…"

"நான் குடிக்க வாங்கேல்லை!"

"குடிக்க இல்லையெண்டா ஏன் அரிசிக்குப் பின்னால? ஹோலுக்க மாதா படத்துக்குப் பக்கத்தில வைச்சிருக்கலாமே!"

"அக்னெஸ், எனக்கு நேரமில்லை. போத்தில் எங்கை?"

"போத்தில் அடுப்படியில இருக்கு. உள்ளுக்க இருந்ததுதான் இல்லை."

என் கணவர் செபமாலை அடுப்புப் பக்கம் திரும்பினார். உப்புப் போத்தலுக்கும் மஞ்சள் டப்பாவுக்கும் நடுவில் அது நின்றது. நல்ல தடித்த கண்ணாடி, நீளக் கழுத்து. எறிய எனக்கு மனம் வரவில்லை. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முகர்ந்தார்.

"இதென்ன?"

"நல்லெண்ணெய்."

"உள்ளுக்க இருந்த வைன்?"

"நத்தார்க் கேக்குக்கு ஊத்திப்போட்டன்."

"முழுவதுமோ?"

"அடியில கொஞ்சம் மண்டி இருந்தது. அதையும் ஊத்தினனான்."

செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வருடமும் ஐப்பசி கடைசியில் பிளம்ஸ், சுல்தானா, கஜு, இஞ்சிப்பாகு எல்லாவற்றையும் பொடியாக வெட்டிப் பெரிய கண்ணாடிச் சாடியில் பிராந்தி விட்டு ஊறவைப்பேன். இந்த வருடம் அரிசி எடுக்கக் குனிந்தபோது கையில் தட்டுப்பட்டது அந்தப் போத்தல். மூன்று வருடமாகத் தொடாத மனிசன் மறுபடி தொடங்கிவிட்டார் என்று நினைத்தேன். சண்டை பிடிக்கவில்லை. தக்கையை இழுத்தேன், சாடிக்குள் கவிழ்த்தேன். பிறகு அவர் எப்போது குனிந்து தேடுவார், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். மூன்று கிழமை அவர் அந்தப் பக்கமே போகவில்லை. அது ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கோபத்தில் இருக்கிறவளுக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது?

அவர் கதிரையை இழுத்து இருந்தார். குரல் இறங்கிவிட்டது.

"அது டொனாத்தோவுக்கு."

என் கையில் இருந்த கரண்டியை வைத்தேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் கடைக்குக் கூட வருவீர். 'ஏன் இது, அது நல்லமே' எண்டுவீர். பேந்து அங்கை போய் நீர்தான் எல்லாத்தையும் கதைப்பீர். நான் பக்கத்தில நிண்டு தலையாட்டுவன். இருபத்தேழு வருஷமா அதுதானே நடக்குது."

அதில் பொய் இல்லை. நான் ஒரு கார்டெரியின், அதாவது பிள்ளைகள் காப்பகத்தின், குசினியில் பிள்ளைகளுக்குச் சமைத்துச் சமைத்துப் பிரெஞ்சு பழகினேன். அவர் தையல் தொழிற்சாலையில் இருபது வருடம் இருந்தார். அங்கே கதைக்கிறது மெஷின் மட்டும்தான்.

"சரி, வேற போத்தில் வாங்குவம்."

"இல்லை. கேட்டிட்டன். புவாண்ட்-கிளேர் கடைக்கு ஆறு போத்தில்தான் வந்ததாம். நான் வாங்கினதுதான் கடைசி. இனி வசந்தத்திலதான்."

"அப்ப வேற வைன்?"

"வைனுக்கோ நான் வாங்கினனான்? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து இந்தப் படத்தைப் பாரும்!"

கண்ணாடி போடாமல் பார்த்தபோது அது எனக்கு லூர்து மாதா போலத்தான் இருந்தது. இத்தாலிக்காரர் மாதாவையும் போத்தலில் ஒட்டி விற்கிறார்களே என்று மனதுக்குள் திட்டியும் இருக்கிறேன். இப்போது கண்ணாடியோடு பார்த்தேன். முக்காடு போட்ட ஒரு பெண் பனிக்குள் ஒரு கதவடியில் நிற்கிறாள், தட்டக் கை தூக்கியபடி. கதவில் விழுந்த அவள் நிழலுக்கு மட்டும் ஓநாயின் காது.

"அட, இது டொனாத்தோ சொன்ன கதையில வாற ஓநாய்க்காரியல்லோ!"

"ஓம்."

"என்னை மன்னியுங்கோ அப்பா."

"அவர் நாளைக்குப் போறார், அக்னெஸ். தொண்ணூத்தொரு வயசு. கல்கரிக்கு மகள் வீட்டை போனா இனி எங்கை காணுறது? இண்டைக்கு ரெண்டு மணிக்கு நான் வெறுங்கையோட போய் அவருக்கு என்ன சொல்லுறது?"

"மெர்சி எண்டு சொல்லுங்கோ."

"மெர்சி பஸ்காரனுக்கும் சொல்லுறம். கோப்பி தாற பெட்டைக்கும் சொல்லுறம். அவருக்கும் அதுவோ?"

டொனாத்தோ யார் என்றால், எங்களுக்கு ஒரு உறவுமில்லை. வீட்டுச் சொந்தக்காரரும் இல்லை. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஐஸ் மழை பெய்து நகரமே இருட்டில் கிடந்தபோது, நாங்கள் மொன்ட்ரியால்-நோரில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். மூத்தவன் வினோஜனுக்கு ஆறு வயது, தனுஷிகாவுக்கு இரண்டு. நாட்டுக்கு வந்து மூன்றாவது குளிர். கரண்ட் போய் இரண்டாம் நாள் மத்தியானம் தனுஷிகாவின் உதடு நீலமாகிவிட்டது. எதிர்வீட்டுப் புகைபோக்கியில் மட்டும் புகை வந்தது. செபமாலை ஒரு பிள்ளையைத் தோளிலும் ஒன்றை மேலங்கிக்குள்ளும் வைத்துக்கொண்டு முன்னால் போக, நான் படியெல்லாம் இருந்தபடியே சறுக்கி இறங்கினேன். அந்த வீட்டு நிலக்கீழறைக் கதவைத் தட்டினோம். ஆர் எவர் என்று தெரியாத வீடு.

கதவு திறக்க வெகுநேரம் எடுத்தது. திறந்தது டொனாத்தோவின் மனைவி கொன்செத்தா. உள்ளே விறகடுப்புக்குப் பக்கத்தில் டொனாத்தோ இருந்தார். சுவர் நீளத்துக்கு வைன் பீப்பாய்கள். தானே திராட்சை வாங்கி, தானே பிழிந்து, தானே வைன் செய்கிற இத்தாலிக்காரர். அங்கேதான் ஒன்பது நாள் இருந்தோம். அவர் சட்டியில் வைனைச் சூடாக்கி, சீனி போட்டு எங்களுக்குத் தந்தார். ஒருநாள் பின்னேரம் பீப்பாயில் மூன்று தட்டுத் தட்டி, ஓநாய் மாதிரி ஊளையிட்டு, தன்னுடைய ஊர் ஓநாய்க்காரியின் கதையைக் கையாலும் காலாலும் சொன்னார். செபமாலைக்கு அது விளங்கின விதம், வெளியே ஓநாய் நிற்கிறது என்று. இரண்டு நாள் விறகெடுக்கப் போகமாட்டேன் என்று நின்றார்.

பத்தாம் நாள் கரண்ட் வந்தது. "போட்டு வாறம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். எங்கள் ஆட்களுக்கு அவ்வளவுதானே தெரியும். நன்றி என்கிற சொல் கலியாணக் கார்ட்டிலும் அந்தியேட்டி நினைவுப் புத்தகத்திலும் அச்சடிக்கிறது. முகத்துக்கு நேரே சொன்னால் மற்றவரை அந்நியமாக்கிவிட்டது போல. அதற்குப் பதிலாக நான் ஒவ்வொரு நத்தாருக்கும் கேக் கொண்டுபோனேன்.

"அதுதானே, கேக் குடுக்கிறமே," என்றேன்.

"அது நீர் குடுக்கிறது."



போத்தலைக் கீழே வைத்துவிட்டு எழும்பி மேலங்கியை மாட்டினார்.

"எங்கை போறியள்?"

"மூலைப் பெட்டிக்கடைக்கு, டெப்பனருக்கு."

"என்னத்துக்கு?"

"சிவப்பு வைன் அங்கையும் விக்கினம்தானே. இதுக்குள்ள ஊத்தினா முடிஞ்சுது. வைன் எல்லாம் ஒரே சிவப்பு."

"உங்களுக்கு விசரோ? அறுபது வருஷம் வைன் செய்த மனிசன். ஒரு வாய் வைச்ச உடன தெரிஞ்சிடும்."

"தொண்ணூத்தொரு வயசில நாக்குக்கு என்ன தெரியும்? கல்கரியில போய்த்தான் திறப்பார். நான் நிக்கவே மாட்டன்."

"பொய் சொல்லப் போறியளோ அவருக்கு?"

"நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டன். போத்திலைக் குடுப்பன். அவ்வளவும்தான்."

வாங்கி வந்து, எண்ணெயைச் சட்டியில் ஊற்றி, போத்தலைச் சுடுதண்ணியும் சவர்க்காரமும் போட்டுக் குலுக்கினார். அந்த நீளக் கழுத்துக்குள் கழுவுகிற தும்பு எங்கே போகும்? நான்கு தரம் அலம்பிவிட்டுச் சரி என்றார். புனல் வைத்து டெப்பனர் வைனை ஊற்றினார். தக்கை மேசை லாச்சிக்குள் கிடந்தது. அதைச் சுத்தியலால் தட்டி இறக்கிவிட்டு, திறந்த வாய் திறந்தது போலத்தான் தெரிகிறது என்று யோசித்து, மாதாவுக்கு முன்னால் இருந்த சிவப்பு மெழுகுதிரியை எடுத்து உருக்கிப் போத்தல் வாயில் ஊற்றினார்.

"மாதாவையும் உங்கட களவுக்குக் கூட்டுச் சேர்த்தாச்சோ?"

"இண்டைக்கு ஒருநாள் பேசாமல் வாரும், அக்னெஸ். அங்கை நீர் வாயைத் திறக்கக் கூடாது. நான் எழுதிப் பாடமாக்கி வைச்சிருக்கிறன்."

சட்டைப் பையில் இருந்து ஒரு சின்னக் கடதாசியைக் காட்டினார். பிரெஞ்சைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தது. குளிக்கிற அறைக்குள் ஒரு கிழமையாக அவர் தனியே முணுமுணுத்தது செபம் அல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது. அதைக் கண்டபிறகு நானும் மேலங்கியை எடுத்தேன். என்னால்தானே வந்தது.

காருக்குள் இருந்து ஒரேயொரு தரம் சொன்னேன்.

"நடந்ததைச் சொல்லுவம் அப்பா. அவர் சிரிப்பார்."

"நான் அந்த மனிசனைச் சிரிக்க வைக்கப் போகேல்லை."

டொனாத்தோவின் வீட்டில் எல்லாம் பெட்டிக்குள் போயிருந்தது. மேலே மகள் பிராங்கா ஏதோ இழுத்துக்கொண்டிருந்த சத்தம். கிழவர் எங்களைக் கீழே, நிலக்கீழறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பீப்பாய்கள் இல்லை. அவை இருந்த இடத்தில் சீமெந்தில் வட்ட வட்டமாக அடையாளம். விறகடுப்பு மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் மூன்று கதிரை போட்டிருந்தார்.

நாங்கள் மூன்றுபேரும் கதைத்தது பிரெஞ்சில்தான். அவருடையது இத்தாலி வாசத்தோடு, என்னுடையது குசினி வாசத்தோடு. எனக்குக் கேட்டபடியே தமிழில் எழுதுகிறேன்.

"செபா! அக்னெஸ்! இருங்கோ, இருங்கோ. கோப்பி தர ஏலாது, கோப்பிப் பானையை பிராங்கா கட்டிப்போட்டாள். என்னைத்தான் இன்னும் பெட்டிக்குள்ள போடேல்லை."

செபமாலை பையில் இருந்து போத்தலை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

கிழவர் அதை வாங்கினார். தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.

"இவள்… இவளை எங்கை பிடிச்சனீ?"

"கடையில," என்றார் இவர்.

"இது எங்கட மலை. பார், இந்தக் கதவு. எங்கட பக்கத்துக் கதவுதான், நடுவில இரும்பு வளையம். எங்கட ஊரில பனி ரோட்டை மூடின பிறகு இவள் வருவாள். எல்லா வருஷமும் இல்லை. பாவாடை நிலத்தைத் தொடும், காலைக் காணேலாது. பொம்பிளையின்ர காலோ ஓநாயின்ர காலோ, ஆருக்குத் தெரியும்? மூண்டு தட்டு. திறந்தா நெருப்படியில இருந்து ஒரு கிளாஸ் வாங்கிக் குடிச்சிட்டு, விடிய முதல் போயிடுவாள். அந்த வீட்டுப் பீப்பாயில இருக்கிற வைன் கறுத்துத் தடிக்கும். ஒரு வாய் குடிச்சா வாய் நிறையும், பாணும் தேவையில்லை, இறைச்சியும் தேவையில்லை."

"திறக்காட்டி?" என்றேன், வாயைத் திறக்கக் கூடாது என்பதை மறந்து.

"திறக்காத வீட்டில வைன் புளிச்சு வினாகிரி." சிரித்துக்கொண்டு போத்தல் வாயை விரலால் தடவினார். "இதென்ன, அரக்கெல்லாம் போட்டு அனுப்புறாங்கள்? மெழுகுதிரி மணக்குது. பரவாயில்லை, இப்பவே திறப்பம்."

"இல்லை, இல்லை," என்று செபமாலை அவசரப்பட்டார். "கல்கரி. கல்கரியில."

"கல்கரியில நான் ஆரோட குடிக்கிறது? மருமகன் பியர்க்காரன். இவளைத் திறக்கிறதெண்டா இந்த அடுப்புக்கு முன்னால, உங்களோடதான்."

மேலங்கிப் பையிலேயே தக்கை திருகி வைத்திருந்தார் அந்த மனிதர். மெழுகு உதிர்ந்தது. தக்கை சுலபமாக வந்தது. அதைக் கூட அவர் கவனித்தார் என்று நினைக்கிறேன், ஒரு புருவம் மேலே போனது. தண்ணீர் குடிக்கிற மூன்று கிளாஸ் இருந்தது. தனக்கு அரைக் கிளாஸ், எனக்குக் கொஞ்சம், இவருக்கு என் முகத்தைப் பார்த்து ஒரு விரல் அளவு ஊற்றினார்.

யன்னல் வெளிச்சத்தில் கிளாஸைத் தூக்கிப் பிடித்தார். நாங்களும் பார்த்தோம். சிவப்புக்கு மேலே பொன் நிறத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் மிதந்தன. ஒன்றை ஒன்று தேடிப் போய் ஒட்டிப் பெரிதாகின. ரசத்தில் மிதக்குமே, அதே மாதிரி.

கிழவர் மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார்.

"எள்ளு," என்றார்.

மேலே பிராங்கா எதையோ ஒட்டுநாடா போட்டு ஒட்டுகிற சத்தம். செபமாலை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். தபால் கந்தோரில், டொக்டரிடம், பள்ளிக்கூடத்தில், எங்கேயும் 'நீர் சொல்லும்' என்கிற பார்வை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது எனக்கு. ஆனால் காலையில் கண்ட அந்தக் கடதாசி நினைவில் இருந்தது. என் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

செபமாலை தொண்டையைச் செருமினார்.

"மிஸ்யூ டொனாத்தோ. போத்தில் சரி. வைன் பிழை."

"பிழையோ?"

"சரியான வைன் கேக்குக்குள்ள. அக்னெஸ் நினைச்சா… நான் ஒளிச்சன்… குடிக்கிறன் எண்டு நினைச்சா. போத்திலுக்குள்ள எண்ணெய். நான் கழுவினன். நல்லாக் கழுவேல்லை. இது டெப்பனர். இது," மெழுகைக் காட்டி, "மாதா."

வினைச்சொல் ஒன்றும் சரியாக இல்லை. காலம், பால் ஒன்றும் இல்லை. ஒரு சொல்லைக்கூட நான் திருத்தவில்லை.

கிழவர் முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். நான் எழும்பி முதுகைத் தடவிவிட்டேன்.

"எண்ணெயை மன்னிக்கலாம் செபா! மாதாவும் உன்னை மன்னிப்பா. டெப்பனர் வைனை இந்த வீட்டுக்குள்ள கொண்டு வந்தியே, அதை நான் மன்னிக்க மாட்டன்!"

செபமாலை சிரிக்கவில்லை. கடதாசியை எடுக்கவும் இல்லை.

"நான் இண்டைக்குச் சொல்ல வேணும். நீங்கள் போறியள். அந்தக் குளிரில நீங்கள் கதவைத் திறந்தனீங்கள். என்ர மகள் இப்ப நேர்ஸ். அவளுக்கு ரெண்டு பிள்ளை. எல்லாம் அந்தக் கதவு. நான் ஒருக்காலும் சொல்லேல்லை. மெர்சி சின்னச் சொல்லு. அதுதான் போத்தில் வாங்கினனான்."

கிழவரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கிளாஸை அடுப்பின் மேல் வைத்தார்.

"நில். நில் செபா. எனக்கு அதைச் சொல்லாத."

"ஏன்?"

"நான் திறக்கேல்லை."

"கொன்செத்தா திறந்தவ. தெரியும். ஆனா நீங்கள் ரெண்டு பேரும்…"

"ரெண்டு பேரும் இல்லை. நீ தட்டினது கேட்டது. நான் கொன்செத்தாவின்ர கையைப் பிடிச்சுக் கதிரையில இருத்தினன். 'விறகு எங்களுக்கே காணாது. சத்தம் போடாத, போயிடுவினம்' எண்டன். நீ திருப்பித் தட்டினாய். அப்பவும் பிடிச்சிருந்தன். மூண்டாந்தரம் தட்ட, என்ர கையை உதறிப்போட்டு ஓடினவ."

செபமாலை அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தார். எங்களிடமிருந்து ஆறு அடி இருக்கும்.

"அந்த வருஷத்து வைன்," என்றார் கிழவர், "என்ர வாழ்நாளில அப்பிடி ஒண்டு வரேல்லை. நீயும் குடிச்சனீ. மை மாதிரிக் கறுப்பு, கரண்டி குத்தினா நிக்கும். நான் ஊருக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னன்: ஓநாய்க்காரி கனடாவுக்கும் வந்தவள், நான்தான் கதவு திறந்தனான் எண்டு. ஊரெல்லாம் என்னைக் கொண்டாடினாங்கள். கொன்செத்தா பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டவ. ஒரு சொல்லுச் சொல்லேல்லை. சாகுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"எனக்குச் சொன்னவ," என்றேன்.

இரண்டு ஆம்பிளைகளும் என்னைப் பார்த்தார்கள்.

"எப்ப?" என்றார் கிழவர்.

"மூண்டாம் நாள். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு இருக்கேக்க. 'என்ர மனிசன் கழுதை, கதவைத் திறக்காத எண்டவர்' எண்டு சொன்னவ. உங்களைக் காட்டித்தான் சொன்னவ."

"உமக்குத் தெரியுமோ?" என்று செபமாலை தமிழில் கேட்டார். "இவ்வளவு காலமும்?"

"தெரியும்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உங்களுக்கு அவரைக் கண்டா முகம் மலரும். அதை ஏன் கெடுப்பான்?"

கிழவருக்கு எங்கள் தமிழ் விளங்காது. ஆனாலும் அவர் தலை குனிந்திருந்தார். நான் பிரெஞ்சுக்குத் திரும்பினேன்.

"மிஸ்யூ டொனாத்தோ, அவ முழுக்கதையும் சொன்னவ. நீங்கள் பாதியைத்தான் சொல்லுறியள். 'கழுதை எண்டாலும் பார் அக்னெஸ், ராத்திரி முழுக்க ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி விறகு போடுறார், உன்ர பிள்ளையின்ர மூக்கடியில கை வைச்சுப் பாக்கிறார்' எண்டவ. விறகு முடிய திராட்சைப் பெட்டியெல்லாத்தையும் உடைச்சது ஆர்? சாப்பாட்டு மேசைக் கதிரை ரெண்டைக் கோடாலியால கொத்தினது ஆர்? கொன்செத்தாவோ?"

"அது… உள்ளுக்க வந்த பிறகு என்ன செய்யிறது?" என்றார், குற்றம் பிடிபட்ட பிள்ளை மாதிரி. "பிள்ளை நடுங்கினது."

"எத்தினையோ பேர் உள்ளுக்க விட்டிட்டும் முகத்தைத் தூக்கி வைச்சிருப்பினம். நாங்கள் அப்பிடி வீடுகளிலயும் இருந்திருக்கிறம். உங்கட வீட்டில ஒன்பது நாளும் எனக்கு ஒரு நேரம்கூடக் கூச்சம் வரேல்லை."

செபமாலை எழும்பினார். நான் பயந்தேன், கோபம் வந்துவிட்டதோ என்று. கிழவருக்கு முன்னால் போய், முழங்கால் நோவோடு குந்தி, அவருடைய இரண்டு கையையும் பிடித்தார். தழும்பும் திராட்சைக் கறையும் ஏறின கை.

"அப்ப ரெண்டு மெர்சி," என்றார். "ஒண்டு திறந்தவவுக்கு. ஒண்டு விறகு போட்டவருக்கு."

கிழவர் கண்ணைத் துடைக்கவில்லை. அடுப்பின் மேல் இருந்த கிளாஸை எடுத்தார். எண்ணெய் வட்டத்தை ஊதி ஒரு ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, அந்த டெப்பனர் வைனை ஒரே மூச்சில் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"கடவுளே! இது வினாகிரி."

"உங்களுக்கு அதுதானே வரவேணும்," என்றேன்.

அதற்கு அவர் சிரித்த சிரிப்பில் பிராங்கா மேலே இருந்து எட்டிப் பார்த்தாள்.

போகும்போது அவர் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தார். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வெறும் போத்தலைக் கல்கரிக்குக் கொண்டுபோவாராம், கட்டில் தலைமாட்டில் வைப்பாராம். எனக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்தார். இவருக்கும் தந்தார். இவர் வெட்கப்பட்டார்.

வரும்போது மழைத்தூறல். ஐஸாக மாறாத வெறும் மழை. ஆற்றோரத் தெருவால் வந்துகொண்டிருந்தோம். நானாகத்தான் கதை தொடங்கினேன்.

"வடிவாக் கதைச்சியள் அப்பா."

"ம்."

"கடதாசியை எடுக்கவே இல்லை."

"ம்."

"நான் சொல்லாமல் விட்டது கோவமோ?"

"இல்லை."

"பேந்து என்ன யோசினை?"

துடைப்பான் இரண்டு தரம் போய் வந்தது. ரொக்ஸ்பரோ ஸ்டேஷன் விளக்குகள் தெரிகிற இடத்தில் சிவப்பு விழுந்தது. காரை நிறுத்திவிட்டு, கையை ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடி சொன்னார்.

"கரண்ட் இல்லாத வீட்டில, ரெண்டு நாள் விறகோட நான் இருந்து, பாசை தெரியாத நாலு பேர் வந்து என்ர கதவைத் தட்டியிருந்தா… நான் திறந்திருப்பனோ, அக்னெஸ்?"